பின்னறையில் வெடித்த பாட்டில்கள்

நேற்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேக்கரியைக் கடந்தபோது, புளித்த மாவின் வாசனை வெதுவெதுப்பாக முகத்தில் வந்து மோதியது. மற்றவர்களுக்கு அதில் பசி எடுத்திருக்கும். நான் நடையை எட்டிப் போட்டேன். எங்கோ கண்ணாடி உடையப்போகிறது என்று காது தானாகக் காத்திருந்தது. நீங்கள் போய்விட்டீர்கள், அந்தப் பயம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

பெங்களூருவில் சொந்தமாகப் பீர் தயாரித்து விற்ற ஹோட்டலில் குளிர்சாதன மெக்கானிக்காக இருந்தீர்கள். அதை மூடியபோது, யாருக்கும் வேண்டாமல் கிடந்த முளைகட்டிய பார்லி அரை மூட்டை, கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூ பழுப்பேறிப்போய் ஒரு பொட்டலம், தேதி முடிந்த ஈஸ்ட் என்று கேட்டு வாங்கிக்கொண்டு அரியலூரில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தீர்கள். பிறகு சாமான் சேர்க்க ஆரம்பித்தீர்கள். பால்காரர் கழித்துப்போட்ட கேன். பழைய ஏசியில் கழற்றிய செம்புக் குழாய். மூடிப்போன கலர் சோடா கம்பெனியிலிருந்து, பாட்டிலுக்கு மூடி அழுத்தும் கைமெஷினும் இரண்டு பெட்டி காலி பாட்டில்களும்.

நான் வேண்டவே வேண்டாம் என்றேன். வீட்டில் காய்ச்சுவது குற்றம். நான் பள்ளிக்கூட டீச்சர். என் அண்ணனோ மதுவிலக்குப் போலீசில் ஏட்டு. எல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

"யாருக்கும் விக்கப் போறதில்ல. இத்தன வருஷம் அடுத்தவன் மெஷினுக்கு ஸ்க்ரூ முடுக்கினேன். ஒரு தடவ நம்ம கையால செஞ்சு பாத்துடணும்" என்றீர்கள். வேலை போனதிலிருந்து நீங்கள் அப்படி ஆசையாகப் பேசி நான் கேட்கவில்லை. பாட்டில்களைக் கழுவ உட்கார்ந்தேன்.

பார்லி கொதித்த அன்று ஜன்னல்களையெல்லாம் சாத்தினேன். என்ன வாசனை என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கு, சத்துமாவுக்கு வறுக்கிறேன் என்றேன். பழைய ஈஸ்ட் எழும்பவே மாட்டேன் என்றது. ஒருவழியாக நுரைத்து அடங்கியதும், முடிந்ததென்று நம்பி, பொங்கி வருவதற்குக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பாட்டில்களில் அடைத்துப் பின்னறையில் அடுக்கினீர்கள். உள்ளே புளித்து வாயு ஏறுவது நின்றிருக்கவில்லை. வெளியே சித்திரை வெயில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பிட வந்தார். முதல் வாய் எடுத்து வைத்தபோது பின்னறையில் டப்பென்று ஒரு சத்தம்.

"சிமெண்ட் லாரி டயரு போல" என்றார்.

நீங்கள் தலை நிமிரவில்லை. நான் ரசத்தை எடுக்கப் போனேன். அடுத்த சத்தத்தோடு கண்ணாடி சிதறி விழுந்தது. அண்ணன் கை கழுவாமல் எழுந்தார். நீங்கள் பைக் ஹெல்மெட்டை மாட்டி, நனைத்த சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினீர்கள். ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து காற்றை விடுகிறீர்கள் என்று சீறும் சத்தத்திலேயே தெரிந்தது. கதவிடுக்கு வழியே வாசனை வந்தது. அண்ணனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று வெடித்தது. நீங்கள் கத்தவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெளியே வந்தபோது முழங்கையிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்ன மாப்ள இது?"

"பீரு மச்சான். நான்தான் காய்ச்சினேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது. நான் பேசாமல் இருந்திருந்தால் என் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனாலும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்ண்ணே. பாட்டில் கழுவினதே நான்தான்."

"இப்ப நான் ஸ்டேஷனுக்கு போன் பண்ணணும். பண்ணலன்னா நானும் இதுல சேத்திதான்" என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல். சட்டைப் பைக்குப் போன கை அங்கேயே நின்றது. பிறகு வண்டிச் சாவியை எடுத்தார். "கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரேன். வரும்போது வூட்ல இந்த வாசன இருக்கக் கூடாது."

எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டினோம். கடைசிப் பாட்டிலில் மட்டும் அரை டம்ளர் ஊற்றி என்னிடம் நீட்டினீர்கள். குடித்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். டம்ளரை அவசரமாகக் கழுவிக் கவிழ்த்தேன். அண்ணன் பஞ்சும் மருந்தும் வாங்கி வந்திருந்தார். உங்கள் கையைச் சுற்றிக் கட்டிவிட்டு, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுப் போனார். பிறகு வெகுகாலம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நாமும் பீர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே வெடித்துவிடுமோ என்று இருவரும் பயந்தோம் போல.

ஜெயங்கொண்டத்தில் ஒரு கடையில் பிரிட்ஜ் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தபோதே உங்கள் நெஞ்சு நின்றது. கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு அவரு செஞ்சது, நல்லா வந்துருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"கசப்புண்ணே. ஆனா நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. நீங்கள் கேட்டதற்கு உரிய பதிலை, உங்களுக்குச் சொல்லாமல் அவருக்குச் சொல்லிவிட்டேன்.