பின்கோட்டு நாற்காலி

1932 ஜூலை 8, வெள்ளி

பள்ளியில் எனக்குக் கடைசி நாளன்று, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், டென்னிஸ் கிளப்புல நீங்கதானே கோட்டு நடுவர்? உங்க பொண்ணு அடிச்ச பந்து கோட்டோரமா விழுந்தா, உங்க கண்ணுக்கு அது எப்படி சார் தெரியும்?"

வகுப்பே சிரித்தது. கரும்பலகையில் ஒரு கோடு போட்டு சாக்பீஸை அதன்மேல் வைத்தேன். "இது உள்ள." அரை விரல் தள்ளி வைத்தேன். "இது வெளிய. இந்த சாக்பீஸோட அப்பா யாருன்னு இப்ப யாராவது கேட்டீங்களா?"

மூன்று வருடம் ஆகிவிட்டது. நல்ல பதில்தான். இருந்தும் இன்று மாலை ரயிலடியிலிருந்து ஹெஸ்டரை அழைத்து வரும்போது அந்தக் கேள்வியும் ஏனோ கூடவே நடந்து வந்தது.

ஹெஸ்டர் என் ஒரே மகள். முப்பத்துமூன்று வயது. மாவட்டப் பட்டத்தை ஆறு முறை வென்றவள். லண்டன் பெரிய போட்டியில் கால் இறுதி வரை போனவள். அவளுக்குக் கிடைக்காதது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு ஆகஸ்டிலும் அமெரிக்காவுக்குப் போகும் பெண்கள் அணியில் ஓர் இடம். பலமுறை அவள் பெயர் மாற்று ஆட்டக்காரி என்று வந்திருக்கிறது. மாற்று ஆட்டக்காரியின் வேலை, துறைமுகத்தில் நின்று கையசைப்பது. இந்த வருடம் ஓர் இடம் காலி. தேர்வாளர் மிஸ்டர் பாம்ஃப்ரெட் அடுத்த சனிக்கிழமை எங்கள் போல்கேரன் கிளப்பின் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்.

"இந்த வருஷம் விட்டா அவ்வளவுதாம்பா. என் முட்டி இப்பவே மழை வரதை முன்கூட்டியே சொல்லுது" என்றாள்.

பிறகு சொன்னாள்: "ஒரே ஒரு வேண்டுகோள். நீங்க கோட்டுல உக்காராதீங்க."

1932 ஜூலை 9

ஏன் உட்காரக் கூடாதாம்? நான் அவளுக்கு எதிராகவே சொல்வேனாம். கிளப்பில் வெகு நாளாக ஒரு கேலி உண்டு: ஹெஸ்டரை ஜெயிக்க இரண்டு பேர் வேண்டும், எதிராளி ஒருத்தி, அப்பா ஒருத்தர்.

அபாண்டம். கண்டதைச் சொல்கிறேன்.

அவள் விளையாடத் தொடங்கியதே என் வகுப்பறைச் சுவரில்தான். உள்ளே நான் கணக்கு நடத்துவேன்; வெளியே டொக், டொக். பிள்ளைகளின் கவனம் சிதறியது. சரி, சத்தத்தையே கணக்காக்கினால் போயிற்று. "ஹெஸ்டர் நிமிஷத்துக்கு இருபது பந்து அடிக்கிறா. நாலுல ஒண்ணு ஜன்னல்ல படுது. மணி அடிக்கறதுக்குள்ள எத்தனை கண்ணாடி உடையும்?" ஊரில் பாதிப் பேருக்குப் பின்னக் கணக்கு அப்படித்தான் வந்தது. போர்க் காலத்தில் கிளப் மைதானத்தில் உருளைக்கிழங்கு போட்டார்கள். அந்த நாலு வருடமும் அவளுக்கு அந்தச் சுவர்தான் எதிராளி. போர் முடிந்து புல் முளைத்த மூன்றாம் கோடையில் மாவட்டப் பட்டம். கணுக்கால் வரை பாவாடை கட்டிக்கொண்டு ஓடியே ஜெயித்தாள். பாவாடை ஏற ஏற ஆட்டம் வளர்ந்தது என்பாள் லெட்டிஸ். என் மனைவி எதையும் தையற்காரி கண்ணால்தான் பார்ப்பாள்.

1932 ஜூலை 10, ஞாயிறு

வெளியூர் ஆட்டக்காரிகளை கிளப் உறுப்பினர் வீடுகளில் தங்கவைப்பது எங்கள் வழக்கம். யாரை எங்கே அனுப்புவது என்பது செயலாளர் மேஜர் ஃபென்னிமோரின் பொறுப்பு. அவர் எங்கள் வீட்டுக்கு அனுப்பியது பெரில் ஹாகெட்டை. லீட்ஸ் ஊர்க்காரி, பத்தொன்பது வயது. பட்டத்துக்கு ஹெஸ்டருக்கு உண்மையான போட்டி என்றால் இவள் ஒருத்திதான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வெந்நீர் கொப்பரைதான்" என்றாள் லெட்டிஸ். "யார் முதல்ல குளிக்கறதுன்னு டாஸ் போட்டுக்குங்க."

போட்டார்கள். பெரில் ஜெயித்தாள். ஹெஸ்டர் பச்சைத் தண்ணீரில் குளித்தாள்.

1932 ஜூலை 12

பெரில் காலுறை இல்லாமல் ஆடினாள். மேஜர் மடியில் தேநீரைக் கொட்டிக்கொண்டார். வேறு விசேஷம் இல்லை.

1932 ஜூலை 13, புதன்

ஆள் கிடைக்காததால் ஹெஸ்டரின் இரண்டாம் சுற்றில் உட்கார நேர்ந்தது. அவள் பந்து ஒன்று பின்கோட்டைத் தாண்டி விழுந்தது. அவுட் என்றேன். எதிரே ஆடிய பாதிரியார் மனைவி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, அடுத்த பந்தை வேண்டுமென்றே வேலிக்கு அனுப்பினார்.

இது எங்கள் ஆட்டத்தில் எழுதாத சட்டம். நடுவர் தவறி உனக்கு ஒரு பாயிண்ட் கொடுத்துவிட்டார் என்று பட்டால், வாதம் செய்யக் கூடாது. அடுத்த பாயிண்டைப் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடைக்காரர் சில்லறை கூடக் கொடுத்துவிட்டால் மறுநாள் வைத்துவிட்டு வருவதில்லையா, அதுபோல.

ஆனால் என் தீர்ப்பைத் தவறு என்று எப்படி நினைக்கலாம்? பந்து வெளியேதான் விழுந்தது.

இரவு உணவில் பெரில் ஹெஸ்டரிடம் கேட்டாள்: "உங்கப்பா உக்காந்தா தினமும் இப்படித்தானா?"

"பழகிடுச்சு. அவர் எடுப்பார், எதிராளி குடுப்பா. கடைசியில கணக்கு நேராயிடும். கணக்கு வாத்தியாராச்சே."

1932 ஜூலை 15, வெள்ளி

அரையிறுதியில் இருவரும் ஜெயித்தார்கள். நாளை எங்கள் வீடு எங்கள் வீட்டோடு மோதுகிறது.

லெட்டிஸ் பெரிலுக்கு இரண்டாவது குங்குமப்பூ பன் வைத்தாள். ஹெஸ்டர் கேட்டாள்: "அம்மா, நீ யார் கட்சி?"

"அவ இளைச்சுக் கிடக்கா. நீ ஜெயிச்சா அமெரிக்காவுல போய்த் தின்னுக்கலாம்."

மாலையில் மேஜர் வந்தார். பின்கோட்டுக்கு ஏற்பாடு செய்திருந்த வங்கிக்காரர் ஸ்ட்ராபெரியை அளவில்லாமல் தின்று படுத்துவிட்டாராம். "வாத்தியாரே, உங்களை விட்டா ஆளில்லை. ரெண்டு பேரும் சம்மதிச்சா போதும்."

பெரில் உடனே தலையாட்டினாள். "எனக்கென்ன, லாபம்தானே!"

ஹெஸ்டர் கூரையைப் பார்த்தாள். "சரி. பன்னும் அவளுக்கு, வெந்நீரும் அவளுக்கு, அப்பாவும் அவளுக்கே இருக்கட்டும்."

1932 ஜூலை 16, சனி

எப்படி எழுதுவது? வரிசையாக எழுதுகிறேன்.

ஆளுக்கொரு செட். மூன்றாவதில் ஹெஸ்டர் ஐந்துக்கு நாலு. சர்வீஸ் அவளுடையது. நாற்பதுக்கு முப்பது. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட், அதோடு பட்டமும் கப்பலும் அவளுக்கு. மிஸ்டர் பாம்ஃப்ரெட் கையில் பேனா மூடி திறந்திருந்தது.

பெரில் அடித்த பந்து ஹெஸ்டரைத் தாண்டி என் கோட்டுக்கு வந்தது. விழுந்தது. வெளியே. இரண்டு விரற்கடை இருக்கும்.

"அவுட்!" என்றேன்.

கைதட்டல் தொடங்கியது. ஹெஸ்டர் அசையவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலைமை நடுவராக உயர நாற்காலியில் இருந்த மேஜரிடம் போனாள். "அந்தப் பந்து நல்ல பந்து. பாயிண்ட் பெரிலுக்கு."

மேஜர் என்னைக் கேட்டார்: "வாத்தியாரே, நிச்சயமா?"

சரியாகப் பார்க்கவில்லை என்றால் கோட்டு நடுவர் இரு கைகளாலும் கண்களை மூடிக்காட்ட வேண்டும். மூடியிருந்தால் அந்தப் பாயிண்டைத் திரும்ப ஆடச் சொல்லியிருப்பார்கள். கைகள் மடியிலேயே இருந்தன. "பார்த்தேன். வெளியதான்."

"அடுத்த பாயிண்ட்ல திருப்பிக் குடுக்கலாம்னா அடுத்த பாயிண்ட்டே கிடையாதே, மேஜர்" என்றாள் ஹெஸ்டர். "இப்பவே விட்டுக்குடுக்கறேன். டியூஸ்னு அறிவிங்க."

அறிவித்தார்; இருவரும் சமநிலை. பெரிலுக்கு முகம் சிவந்துவிட்டது. ஓசியில் வந்த பாயிண்ட் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். அடுத்த பந்தை வேலிக்கு அனுப்பினாள். மறுபடி ஹெஸ்டருக்கு வெற்றி வாய்ப்பு. இவள் சும்மா இருப்பாளா? இரண்டு சர்வீஸையும் வலையின் அடியில் தட்டிவிட்டாள். மறுபடி டியூஸ்.

"பெண்களே!" மேஜர் கத்தினார். "டென்னிஸ் ஆடறீங்களா, இல்ல மாத்தி மாத்தி விருந்து உபசாரம் பண்றீங்களா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது ஹெஸ்டரின் ஆட்டமும் அடங்கியிருந்தது. ஐந்துக்கு ஏழு.

மிஸ்டர் பாம்ஃப்ரெட் பேனாவால் ஒரு பெயரை எழுதினார். சின்னப் பெயர்தான். ஹாகெட்.

1932 ஜூலை 17

காலை. வறுத்த மீன் ஆறிக் கிடந்தது. பெரில் அதிகாலை வண்டிக்கே போய்விட்டாள். போகும்போது லெட்டிஸைக் கட்டிக்கொண்டு அழுதாளாம்.

பொறுக்க முடியாமல் கேட்டேன்: "அந்தப் பந்து எங்க விழுந்துது, நீ பார்த்தியா?"

"இல்ல."

"இல்லையா?"

"பந்தை நான் எங்கப்பா பார்த்தேன்? உங்களைத்தான் பார்த்தேன்." மீனை முள்ளால் புரட்டினாள். "எனக்குச் சாதகமா நீங்க வாயைத் திறந்து நான் கேட்டதே இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட. நேத்து, அந்தப் பாயிண்ட்ல போய்ச் சொன்னீங்களா... சரிதான், மனுஷனுக்குக் கடைசியில பாசம் வந்து கண்ணை மறைச்சிடுச்சுன்னு நெனச்சுட்டேன்."

லெட்டிஸ் பின்னிக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தினாள். "வெளியதான்டி விழுந்துது. ரெண்டு விரற்கடை. கோட்டுக்கு நேரா வேலியோரமா உக்காந்திருந்தேன்."

"அப்பவே சொல்றதுதானே!"

"யாரு நம்புவா? அவரு பெத்த அப்பா, நான் பெத்த அம்மா."

ஹெஸ்டர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாமே சிரிப்பால் வந்த நீர் இல்லை, எனக்குத் தெரியும்.

1932 ஆகஸ்ட் 3

கப்பல் கிளம்பிற்று. ஹெஸ்டர் துறைமுகம் போய்க் கையசைத்துவிட்டு வந்தாள். "பழகின வேலை" என்றாள்.

1932 நவம்பர்

மழை. பள்ளிச் சுவரில் டொக், டொக். முட்டியில் கம்பளிப் பட்டி கட்டிக்கொண்டு அடிக்கிறாள். புதிய ஆசிரியர் வந்து என்னிடம் புகார் சொன்னார். கணக்காக்கிவிடுங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

எனக்கும் ஒன்று இன்னும் புரியவில்லை. கோட்டோரம் விழுந்த அவள் பந்துகள் அத்தனையுமா வெளியே விழுந்தன? லெட்டிஸிடம் கேட்டேன். "பாதி வெளிய. பாதி, நீங்க ரொம்ப நல்லவரு" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கிளறப் போனாள்.

1933 ஜூலை 14, வெள்ளி

மறுபடி அதே இருவர் இறுதியில். பெரிலுக்கு அணியில் இடம் ஏற்கெனவே உறுதி. மிஸ்டர் பாம்ஃப்ரெட் வருவது மிச்சமிருக்கும் ஓர் இடத்துக்காக. பெரில் மறுபடி எங்கள் வீட்டில்தான். இந்தத் தடவை அவளாகவே கேட்டு வந்தாள். குளிப்பதற்கு டாஸ் போட்டார்கள். ஹெஸ்டர் ஜெயித்தாள். நல்ல சகுனம் என்றாள் லெட்டிஸ். அவளுக்கு எல்லாமே நல்ல சகுனம்தான்.

மேஜர் வந்தார். இந்த வருடம் வங்கிக்காரர் நலம். ஸ்ட்ராபெரி பக்கமே போகவில்லையாம்.

"அவர் எதுக்கு?" என்றாள் ஹெஸ்டர். "அப்பாவே உக்காரட்டும்."

மேஜர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "யோசிச்சுத்தான் சொல்றியாம்மா?"

"ஒரு வருஷமா யோசிச்சேன்."

1933 ஜூலை 15, சனி

மூன்றாம் செட். ஐந்துக்கு நாலு. ஹெஸ்டருக்குக் கடைசிப் பாயிண்ட். இந்த முறை பந்து அவளுடையது. வருவது என் முனைக்கு. உயரமாக, நிதானமாக, எவ்வளவோ நேரமெடுத்து வந்தது. என் வாய் பழக்கத்தில் 'அவுட்' என்று திறக்கப் பார்த்தது. பந்து எங்கே போகிறது, யார் அடித்தது, பாம்ஃப்ரெட் பேனா திறந்திருக்கிறதா, எதையும் பார்க்காமல் கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கோட்டின் வெளி ஓரத்தில், ஒரு நூல் அளவு, பந்து தொட்டது.

வாயை மூடினேன். உள்ளங்கைகளைக் கீழ்நோக்கி விரித்துக் காட்டினேன். நல்ல பந்து.

மைதானம் முழுக்க என்னைப் பார்த்தது. பந்துக்குப் பக்கத்திலேயே நின்ற பெரில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "நல்லாத்தான் விழுந்துது சார். பயப்படாதீங்க."

என்னைப் பார்க்காத ஒரே ஆள் ஹெஸ்டர். அதற்குள் வலைப்பக்கம் பாதி தூரம் வந்து கையை நீட்டிவிட்டிருந்தாள்.

மாலையில் கேட்டேன்: "என்ன சொல்லப்போறேன்னு நீ திரும்பிக்கூடப் பார்க்கலையே?"

"எதுக்குப்பா பார்க்கணும்? உங்க நாற்காலி அங்கதான் இருக்குன்னு தெரியுமே."

1933 ஆகஸ்ட் 2, புதன்

கையசைக்க நானும் லெட்டிஸும் போனோம். கப்பல் திரும்பும் வரை இரண்டு வெள்ளைத் தொப்பிகள் தெரிந்தன. பெரிலின் தொப்பி எங்கள் வீட்டுத் தொப்பி; பன்னோடு அதையும் லெட்டிஸ் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

திரும்பி வரும்போது லெட்டிஸ் சொன்னாள்: "அன்னிக்கு விழுந்த பந்து ஒரு நூல் வெளியன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

நின்றுவிட்டேன். அவள் நடந்துகொண்டே இருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு இன்று கொஞ்சம் மேலான பதில் சொல்வேன். சாக்பீஸ் வேண்டாம். யாரேனும் என்றாவது இதைப் படித்தால் நீங்களும் ஒரு தடவை செய்துபாருங்கள்: உங்களுக்கு வேண்டியவர் ஆடும் ஆட்டத்தில் கோட்டுக்கு நேராகப் போய் உட்காருங்கள், பந்தையும் பார்க்க வேண்டாம், அடித்தவர் முகத்தையும் பார்க்க வேண்டாம், கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.