குடிகாரன் நடை

1974 நவம்பர் 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொழும்புக்குப் போக வேண்டிய வெங்காய மூட்டைகள் தார்ப்பாய்க்குள். மதியத்துக்கு மேல் வெயில் எட்டிப் பார்த்ததும் மூட்டைக் கணக்கு எடுக்கத் தோணியில் ஏறினேன். உள்ளே இறங்கும் பலகையில் பாதி வழி. கடல் இடது பக்கமாக எழும்பி வந்தது. கடல் எங்கே வந்தது, நான்தான் போனேன். மூட்டைமேல் விழுந்ததால் தப்பித்தேன். தூக்கிவிட ஆளில்லை. எல்லோருக்கும் சிரிப்பு.

"ஏலே, சூசையண்ணாச்சி வேஷங் கட்டியாச்சு."

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கோயில் நாடகத்தில் வருடாவருடம் குடிகாரன் வேஷம் எனக்குத்தான். குடிக்காதவனுக்குக் கிடைத்த பேர். எழுந்து ஒரு கும்பிடு போட்டேன். கைதட்டினார்கள்.

முழங்கையில் சிராய்ப்பு. குடைக்கம்பி ரிப்பேர் பண்ண வேண்டும்.

நவ. 15, வெள்ளி

சவரம் பண்ணும்போது கண்ணாடியில் இரண்டு மூஞ்சி. ஒன்றையே தாங்க முடியாது. எழுந்ததும் தலைவலி, வாந்தி. வலது காதில் தூரத்தில் லாஞ்சு ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல்.

வீட்டுக்காரி லூர்து மீன் கழுவிக்கொண்டே, தலையைத் தூக்காமல்: "ஒங்களுக்கு ஒரு சீக்கும் இல்ல. புள்ள நெனப்பு."

இருக்கலாம். ரோஸ்லின் மடத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. டிசம்பர் 8 மாதா திருநாள் அன்று வார்த்தைப்பாடு, கன்னியாஸ்திரியாகச் சத்தியம் பண்ணுவது. அதுவரை நினைத்தால் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். அப்புறம் மடத்துப் பிள்ளை. நமக்கு இருந்தது ஒன்றே ஒன்று. "இதத் தவிர ஒங்ககிட்ட எதையும் நான் இப்பிடிக் கேட்டதில்லப்பா" என்றாள். சம்மதம் சொன்னது நான். சிரித்த முகமாகத்தான் சொன்னேன். பிறகு சோப்பு வாங்கப் போவதாகச் சொல்லிக் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு, சோப்பு இல்லாமல் திரும்பினேன்.

நவ. 18, திங்கள்

தெருக்கோடி டாக்டர். நாக்கை நீட்டச் சொன்னார். பிரஷர் பார்த்தார். "மக கன்னியாஸ்திரி ஆகுதுல்லா, அதான். நரம்புத் தளர்ச்சி. மனசப் போட்டு ஒழப்பாதீங்க." டானிக், மாத்திரை. டானிக் நல்ல இனிப்பு. லூர்துக்கு வெற்றி.

சாயங்காலம் மச்சான் வந்தார். "அப்பனுக்குக் கடுஞ்சீக்குன்னா மடத்துல புள்ளைய அனுப்பிருவாக. அதுக்குத்தான மாப்ளே இந்தக் கூத்து?"

சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு யோசனை. அப்படியும் இருக்குமோ. எனக்கே தெரியாமல் என் மனசு நாடகம் போடுகிறதோ. நல்ல நடிகன்தான். ஆனால் பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் காது இரைகிறதே. யாருக்காக நடிக்கிறேன்?

நவ. 22, வெள்ளி

காப்பி டம்ளர் இடது கையிலிருந்து விழுந்தது. பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். கைக்கு அது தெரியவில்லை.

லூர்து தரையைத் துடைத்தாள். பிள்ளை நினைப்பு என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

நவ. 26, செவ்வாய்

பாளையங்கோட்டை. பெரியாஸ்பத்திரி. லூர்தும் வந்தாள். சின்ன வயசு டாக்டர். தரையில் ஒரு கோட்டைக் காட்டி அதன்மேல் நடக்கச் சொன்னார்.

"ஐயா, இந்த நடைக்கு எனக்குக் கோயில்ல பரிசே குடுத்திருக்காக."

சிரிக்கவில்லை. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

"இது நரம்புத் தளர்ச்சி மாதிரித் தெரியல. தலைக்குள்ள ஏதோ அழுத்துது. மதுரைக்குப் போய்ப் பாக்கணும். தள்ளிப் போடாதீங்க."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கம்தான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். நான் நடிக்கவில்லை. அடுத்து வந்தது, ரோஸ்லின் வருவாள் என்பது. பயம் அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தது, கடைசி பஸ் மாதிரி.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ரோஸ்லின் இருக்கும் மடத்து மதில். லூர்து நின்றுவிட்டாள்.

"உள்ள போயிச் சொல்லிருவமா?"

"சொன்னா வந்துருவா, ஏளா."

"அதுக்குத்தான் கேக்கேன்."

"அதுக்குத்தான் வேண்டாங்கேன்."

தூத்துக்குடி பஸ் ஏறினோம். எட்டாம் தேதி முடியட்டும். மறுநாளே மதுரை. இது என் முடிவு.

டிச. 1, ஞாயிறு

மடத்தில் பிள்ளைகளைப் பார்க்க விடும் நாள். நீள வராந்தா. அந்தக் கடைசியில் வெள்ளை உடுப்பில் ரோஸ்லின். இடையில் தரை சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். பார்த்துவிட்டாள்.

"அப்பா, ஏன் செவரப் புடிச்சிட்டு வாரிய?"

முகம் மாறிப்போயிற்று. அந்த முகம் எனக்குத் தெரியும். லூர்து டைபாய்டில் கிடந்தபோது பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டிருந்த முகம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்கால பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாள். வாய் வரைக்கும் வந்தது.

சுவரை விட்டேன். குடிகாரன் நடை. ஒரு கையில் வேட்டி நுனி, வழியில் இருந்த தூணுக்கு ஒரு வணக்கம், அதனோடு கொஞ்சம் சண்டை. பாதி நான் நடித்தது, பாதி தானாக வந்தது. எது எது என்று எனக்கே தெரியாது.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னதில் சிரித்த அதே சிரிப்பு. "போங்கப்பா, பயந்தே போனேன்."

லூர்து சிரிக்கவில்லை. கொண்டுபோன முறுக்குப் பொட்டலத்தை அவிழ்த்தாள். மறுபடியும் கட்டினாள்.

டிச. 8, ஞாயிறு

நல்ல வெயில். நாளைக் காலை மதுரை. பெட்டி கட்டியாயிற்று. துண்டு எடுத்து வைக்கவில்லை.

மடத்துக் கோயில். எல்லோரும் எழுந்தபோதும் உட்கார்ந்தே இருந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டதும் "இதோ வருகிறேன்" என்றாள். கூப்பிட்டது நானில்லை. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. முடிந்தது.

பிறகு முற்றத்தில் காப்பி, கேக். புது சிஸ்டர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இவங்கதான் எங்கப்பா. நான் சொன்னம்லா. அப்பா, அந்த நடைய நடந்து காட்டுங்கப்பா."

காப்பியை லூர்திடம் கொடுத்தேன். அவள் அதைக் கீழே வைத்துவிட்டாள். நடந்தேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை. கைதட்டினார்கள். லூர்து கூடவே வந்தாள், ஒரு கையை என் முதுகுக்குப் பின்னால் நீட்டியபடி, தொடாமல்.