இரண்டு மிதி

லுணுகலை,
14.12.1975

அன்பு மகள் நேசராணிக்கு,

அப்பா லூக்காஸ் எழுதுவது. ஆண்டவர் தயவில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். சுகமா என்று கேட்டால் உன் அம்மா இருமிக்கொண்டே தலையை ஆட்டுகிறாள். அதை ஆமாம் என்றே எடுத்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்தது. பதுளைக்கு வந்தும் என்னைப் பார்க்காமல் ஏன் போனீர்கள் அப்பா என்று கேட்டிருந்தாய். பதில் எழுத நாலு நாள் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் நீ சிரிக்க ஒரு சங்கதி.

அன்று பதுளையிலிருந்து பஸ்ஸில் திரும்பினேன். பசறை தாண்டியதும் வளைவுகள் தொடங்குமல்லவா, ஒவ்வொரு வளைவுக்கும் என் வலது கால் தானாகவே தரையை இரண்டு தரம் மிதித்தது. டிரைவர் ஸீட்டில் இருந்தவனைப் பின் ஸீட்டில் உட்கார வைத்தால் இப்படித்தான். மூன்றாவது வளைவில் தரைக்குப் பதிலாக, முன்னால் இருந்த மாரியாயி என்ற மனுஷி ஸீட்டுக்கு அடியில் வைத்திருந்த தக்காளிக் கூடைக்குள் மிதித்தேன். அதுவும் இரண்டு தரம். ஒரு தரம் மிதிச்சா தெரியாம மிதிச்சேன்னு விட்டிருப்பேன், ரெண்டாந்தரம் எதுக்குய்யா மிதிச்ச என்று அவள் கேட்டது முன்னால் இருந்த டிரைவர்வரை கேட்டது. அவரு பின்னாலேருந்து வண்டி ஓட்டுறாரும்மா, விடு, சம்பளம் கேக்காத டிரைவரு என்று கண்டக்டர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்று ரூபாய் கொடுத்து நசுங்கியதையெல்லாம் வாங்கி வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் தக்காளிக் குழம்புதான். காலால் அரைத்தது என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

இனி நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்ததும் வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் புறப்படுகிறார், நான் ஓட்டுகிற ரைலி காரை விற்கப்போகிறார் என்று உனக்கு எழுதியது நான். அதை, நீ வேலைக்கு நிற்கிற வீட்டில், முதலாளி பெண்சாதி ஜெனீரா அம்மாவின் காதில் போட்டது நீ. மொஹிதீன் முதலாளி வண்டியை எடுத்தால் உங்களையே டிரைவராக வைத்துக்கொள்வார், புடைவைக் கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது, அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரியில் காட்டலாம், நாம் மூன்று பேரும் ஒரே ஊரில் இருக்கலாம் என்று நீ எழுதிய கடிதத்தை அம்மா தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தாள். தோட்டத்தில் டிரைவருக்குக் கொடுத்த வீட்டைப் புது மனேஜர் காலி பண்ணச் சொன்ன அன்றும், போனாப் போகட்டும், நமக்கு அறை இருக்கு என்றாள்.

முதலாளி வண்டி பார்க்க மடுல்சீமைத் தோட்டத்துக்கு வந்தார். நல்ல மனுஷன். ஆனால் வண்டி பற்றித் தெரியாது. அதனால் விலை பேச நம் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் தேவதாசனைத் துணைக்கு வைத்துக்கொண்டார். கோயிலில் நமக்கு முன் பெஞ்சில் நின்று உரக்கப் பாடுகிறவர்தான். துரை கேட்டது பதினெட்டாயிரம். கிளாக்கர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் வாயில் ஒரே கேள்விதான்: திருப்பி வித்தா?

கறுப்பு நிறம், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஆகும், ஆனா திருப்பி வித்தா? தோல் ஸீட்டு, ராஜா மாதிரி இருக்கலாம், எலி கடிச்சா தைக்கிறவன் கிடைக்கமாட்டான், திருப்பி வித்தா? நம்பரைப் பார்த்தார். இப்போது கொடுக்கிற ஸ்ரீ நம்பர் இல்லை, அதற்கு முந்தின இங்கிலீஷ் எழுத்து நம்பர். நம்பரப் பாத்தாலே கிழவின்னு ஊருக்குத் தெரிஞ்சிடும் முதலாளி, அதுக்கு ஆயிரம் குறைங்க என்றார். முதலாளியும் விடவில்லை. புதுக் கார் எங்க வருது, துறைமுகத்தைப் பூட்டி வெச்சிருக்காங்களே, இருக்கிற பழசெல்லாம் வருஷத்துக்கு வருஷம் ஏறத்தானே செய்யுது என்றார். அதுவும் உண்மைதான் என்று கிளாக்கர் ஒத்துக்கொண்டார். ஏறும், ஆனா பெட்ரோல் விக்கிற விலைக்குக் கலியாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் எடுக்கலாம். நிப்பாட்டி வெச்சா துருப்பிடிக்கும், ஓட்டினா தேயும். ரெண்டு வருஷத்துல தள்ளிவிடணும். இப்படியே பேச்சு பதினேழில் வந்து நின்றது. வியாபாரம் முடிந்த மாதிரிதான்.

அங்கேதான் உன் அப்பா நான் வாயைத் திறந்தேன். வண்டி போகிறது, என்னைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லையே என்று பயம். முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, முதலாளி, இந்த வண்டி என் பேச்சை மட்டுந்தான் கேட்கும், அடுத்தவன் கையில ஓடாது என்றேன். பெருமையாகச் சொன்னேன் மகளே. அந்த ஒரு வசனத்தை முதல் நாளே யோசித்து வைத்திருந்தேன்.

கிளாக்கர் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்தார். ஒருத்தன் கையில மட்டும் ஓடுற வண்டிய நாளைக்கு எவன் வாங்குவான், ஆளையும் சேத்தா விக்கிறது, இவருக்கும் ஐம்பத்திரண்டு வயசு, திருப்பி வித்தா என்ன தேறும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சமையல்காரன்கூட ஜன்னலில் நின்று சிரித்தான். நான்தான் அதிகம் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். கடைசியில் வண்டி பதினான்காயிரத்துக்குப் போனது. என் வாயின் விலை மூவாயிரம். இவ்வளவு பெறுமதியான வாய் என்று அதுவரை எனக்கே தெரியாது.

துரைக்குத் தமிழ் அரைகுறை. விலை இறங்கியது மட்டும் நன்றாக விளங்கியது. தருவதாகச் சொன்ன கைக்கடிகாரத்தைத் தரவில்லை. ஒரு நற்சாட்சிக் கடிதம் கொடுத்தார். கிளாக்கரிடமே வாசிக்கச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தார், குடிப்பதில்லை, பேச்சு கொஞ்சம் அதிகம் என்று எழுதியிருந்ததாம். அதை இன்னும் மடித்து வைத்திருக்கிறேன். யாரிடம் காட்டுவது?

துரை புறப்படும்வரை வண்டி தோட்டத்தில்தான் நின்றது. நாலு ஞாயிற்றுக்கிழமை முதலாளி கடையில் லொறி ஓட்டும் ஹாஷிமை அனுப்பி வைத்தார். வண்டியைக் கொஞ்சம் பழக்கிக் குடுங்க லூக்காஸ், அவசரத்துக்கு ஆகும், உங்க விஷயத்த நான் பாத்துக்கிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். நான் சந்தோஷமாகப் பழக்கினேன். குளிரில் எப்படி ஸ்டார்ட் எடுப்பது, இடது கதவை எப்படித் தூக்கிச் சாத்துவது, எல்லாம். ஹாஷிம் பயந்த சுபாவம். ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு முன் ஒவ்வொரு தரமும் பிஸ்மி சொல்லுவான்.

இந்த மாதம் நாலாம் தேதி வண்டியைப் பதுளைக்குக் கொண்டுபோனேன். நானே ஓட்டினேன். அம்மா நான் ஏறும்போது இரண்டு பெட்டியையும் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். கடை வாசலில் முதலாளி தேத்தண்ணி கொடுத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: ஹாஷிமே ரெண்டையும் ஓட்டட்டும் லூக்காஸ், வண்டிய எப்பவும் வெச்சிருக்கப் போறதில்ல, ரெண்டு வருஷத்துல குடுத்துட்டா அப்புறம் உங்கள நான் என்ன செய்யிறது. அறையில் புடைவைக் கட்டுகள் அடுக்கியாயிற்றாம். பஸ்ஸுக்குப் பத்து ரூபாயும் ஒரு சாரத் துண்டும் கொடுத்தார். நல்ல துணி. ஒரு ஓரத்தில் மட்டும் சாயம் ஓடியிருக்கிறது. கட்டும்போது அந்தப் பக்கத்தை உள்ளே விட்டுக் கட்டினால் தெரியாது.

அந்த முகத்தோடு உன் முன்னால் வந்து நிற்க முடியவில்லை மகளே. அதுதான் காரணம். தோட்டத்து வீட்டைக் காலி பண்ணிவிட்டோம், இங்கே உன் மாமா வீட்டில் ஒரு மூலை கொடுத்திருக்கிறார்கள். கட்டிய பெட்டிகளை அம்மா இன்னும் அவிழ்க்கவில்லை.

இப்போது நான் எழுதப்போவதைக் கவனமாக வாசி. வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வண்டியின் முன் பிரேக்கில் ரப்பர் போய்விட்டது. சீமைச் சாமான் கொழும்பிலும் இல்லை. லொறி டியூப்பில் வெட்டி நானே ஒன்று போட்டேன். சமதரையில் தெரியாது, மேட்டில் தெரியாது. ஆள் பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது ஒரு மிதிக்கு அது பிடிக்காது, கால் அப்படியே கீழே போய்விடும். இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கும். அதையும் வளைவுக்கு வெகு முன்னாலேயே மிதிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் என் கால் அதைச் செய்து பழகிவிட்டது. துரையிடம் சொன்னேன். வாங்க வருகிறவன் கேட்டால் சொல், கேட்காவிட்டால் சொல்லாதே என்றார். கிளாக்கர் எல்லாவற்றையும் கேட்டார், நம்பரைக் கேட்டார், ஸீட்டைக் கேட்டார். பிரேக்கைக் கேட்கவில்லை. பிரேக்குக்குத் திருப்பி விற்கிற விலை கிடையாதல்லவா.

ஹாஷிமுக்கு ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அவனை ஓட்டவிட்டதெல்லாம் சமதரையான பெக்டரி ரோட்டில்தான். அது ஒன்றை மட்டும் கைக்குள் வைத்திருந்தால், ஒரு மாதத்தில் வண்டி சரியாக நிற்கவில்லை, லூக்காஸைக் கூப்பிடு என்று ஆள் அனுப்புவார்கள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். அன்று தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு, சொல்ல மனம் வரவில்லை.

இருபத்துநாலாம் தேதி முதலாளி வீட்டில் ஏழு பேரும் அந்த வண்டியில் பிபிலைக் கலியாணத்துக்குப் போகிறார்கள், என்னையும் ஏற்றி வந்து லுணுகலையில் இறக்கிவிடுவார்கள், பிள்ளைகள் இப்போதே வண்டியில் ஏறி உட்கார்ந்து விளையாடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ அதில் ஏறாதே. இருபத்துமூன்றாம் தேதியே பஸ்ஸில் வந்துவிடு. அம்மாவுக்கு இழுப்பு கூடிவிட்டது என்று சொல், அது பொய்யுமில்லை. முதலாளியின் சின்னவள் ஸைனப் உன்னை விட்டு இருக்கமாட்டாளே, அழுதால் ஜெனீரா அம்மாவிடம் கேட்டு அவளையும் கூட்டிக்கொண்டு வா. அந்த அம்மா உன் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பிய மருந்து இன்னும் பாதிப் போத்தல் இருக்கிறது.

இதை அங்கே வெளியில் விட்டால், தெரிந்தே மறைத்தவன் மகள் என்று உன்னையும் அனுப்பிவிடுவார்கள். உன் சம்பளத்தில்தான் இப்போது இங்கே அடுப்பு எரிகிறது. நாலு நாளாக நானும் கிளாக்கரைப் போலச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறேன். இந்தப் பக்கமும் விலை இருக்கிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது. அதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

நீ ஏறுகிற பஸ்ஸுக்கும், அந்த வாரம் பசறை ரோட்டில் இறங்குகிற எல்லா வண்டிக்கும் ஆண்டவர் முன்னால் போகட்டும்.

உன் அப்பா,
சா. லூக்காஸ்

பின்குறிப்பு: சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு ஹாஷிம், இன்னும் ஏதும் சொல்ல இருக்கா அண்ணே என்று கேட்டான். ஒண்ணுமில்ல தம்பி, பாத்துப் போங்க என்றேன். சொல்ல இருந்தது நாலே வார்த்தை. வளைவுக்கு முன்னால ரெண்டு மிதி.