சொக்லட் தோட்டத்தைத் தோண்டியவர்கள்

நானா, உங்கள் வீட்டில் களவுக் கொக்கோ புதைத்திருக்கிறது என்று சொல்லி, மண்வெட்டியோடு வந்து உங்கள் தோட்டத்தைத் தோண்டினார்கள். ஒரு கொட்டையும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று ஊருக்குச் சொல்லவும் இல்லை. அந்த அநியாயம் இன்னும் அப்படியே கிடக்கிறது. நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டீர்கள் என்பதற்காக நான் அதை விடப்போவதில்லை.

இன்று காலை ரத்தோட்டை வீதியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். மழை விட்ட நேரம். ஒரு வீட்டு வேலியோரம் அந்த மணம் வந்தது. வறுத்த கொக்கோக் கொட்டையின் தோல் நனைந்தால் வருகிற மணம். நிமிர்ந்து பார்த்தால் உங்கள் குரோட்டன் செடி நிற்கிறது. கடும் பழுப்பு இலை, ஓரத்தில் மட்டும் பால் வடிந்தது போல ஒரு கோடு. வீடு யாருடையது தெரியுமா? கொக்கோத் தோட்டத்துக் காவலுக்கு நின்ற, அன்று தோண்ட வந்த வாச்சருடையது.

உங்களுக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் இனிப்பை நிறுத்திய வருடம்தான் தோட்டம் தொடங்கியது. "தின்னத்தானே தடை. பாக்கவும் மணக்கவும் தடையா தம்பி?" என்றீர்கள். அலுவிகாரையில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த துண்டு நிலத்தில், பழுப்பாய் எது கிடைத்தாலும் நட்டீர்கள். புடவைக் கடைக்காரர் கண் அல்லவா? கோப்பி நிறம், புளி நிறம், கருகிய பாண் நிறம் என்று இலைகளைப் பிரித்துப் பிரித்து வைத்தீர்கள்.

"தின்ன ஏலாத மனுசன் மூக்கால தின்னப் போறார்," என்று உங்கள் மனைவி சிரித்தார்.

வாசனைக்கு வைத்த வனிலாக் கொடி இலையைத் தவிர ஒன்றும் தரவில்லை. பிறகு, டவுனில் இனிப்புச் செய்கிறவர் கொட்டை வறுத்துப் புடைத்துத் தள்ளும் தோலைச் சாக்கில் கொண்டுவந்து செடிகளின் அடியில் பரப்பினீர்கள். மழை விழுந்ததும் ஒழுங்கை முழுவதும் சொக்லட் மணத்தது.

கொக்கோத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் அது ஆபத்தான மணம். காய் களவு போவது அங்கே வழக்கம். கொக்கோத் தோட்டமில்லாதவன் வீட்டில் கொட்டை அகப்பட்டால், எங்கிருந்து வந்தது என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும்.

நீங்கள் ஜும்மாவுக்குப் போன நேரம் பார்த்து வந்தார்கள். வாச்சர், ஊர்த் தலைவர், மண்வெட்டிக்கு இரண்டு ஆட்கள். சத்தம் கேட்டு ஓடி வந்தேன்.

"இங்க கொட்டை காயுதுங்க. மூக்கு பொய் சொல்லாது," என்றான் வாச்சர்.

"வறுத்ததும் காயிறதும் ஒரே மணமா? இது தெரியாமலா தோட்டத்துல காவல் நிக்கிறீங்க?"

"தகவல் வந்திருக்கு. நீங்க தள்ளி நில்லுங்க."

தகவல் கொடுத்தது யார்? இனிப்புக்காரரைச் சந்தேகித்தேன். டவுனில் உங்கள் கடைக்கு எதிர்க் கடைக்காரரைச் சந்தேகித்தேன். உங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்த ஒருவரையும் விடவில்லை. இன்றும் அந்தச் சந்தேகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பள்ளிவாசலிலிருந்து வந்த நீங்கள், பிடுங்கிப் போட்ட செடிகளுக்கு நடுவில் நின்று என்ன சொன்னீர்கள்? "அந்த வாச்சர் கொக்கோவுக்குள்ளயே பொறந்து வளந்தவன். அவன்ட மூக்கையே ஏமாத்திட்டோம் தம்பி. இதவிடப் பரிசு வேணுமா?" நான் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை உங்கள் கடையில் ஒருவர் துணியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "நானா, சீத்தை கிடக்கட்டும். கொக்கோ என்ன வெலை போகுது?" நீங்கள் சிரித்துக்கொண்டே துணி வெட்டினீர்கள். உங்கள் ஜனாஸாவுக்கு வந்த ஒருவர் மற்றவரிடம், "ஆ, அந்தக் கொக்கோ கேஸ் மனுசனா," என்று சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். கேஸே இல்லை, நானா. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வாச்சரை வெளியே கூப்பிட்டேன். கிழவனாகிவிட்டான்.

"இந்தச் செடிய அன்னைக்கே களவெடுத்தியா?"

"நானா தந்தாருங்க. தோண்டின கொஞ்ச நாள்ல கூப்பிட்டுத் தந்தாரு. தோல் போடச் சொன்னதும் அவருதான்."

"செத்தவர் பேர்ல எதையும் சொல்லலாம்."

அவன் செடியின் தண்டைக் காட்டினான். சாய்ந்த தண்டு ஒரு கம்போடு கட்டியிருந்தது. உங்கள் கடைத் துணியின் கரைக் கிழிசல். உங்கள் இரட்டை முடிச்சு. "போன வருசமும் வந்து புதுசாக் கட்டிட்டுப் போனாருங்க," என்றான்.

இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் அங்கே போய் வந்திருக்கிறீர்கள். அப்படியானால் தகவல் கொடுத்தவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் போய்ச் சண்டை பிடிப்பேன் என்றுதான் மறைத்தீர்கள். பிடித்திருப்பேன். மன்னிப்பது உங்கள் உரிமை. ஆனால் கள்ளன் என்ற பேச்சைத் துடைக்காமல் போனது சரியில்லை. அதை இப்போது உங்கள் பிள்ளைகள் சுமக்கிறார்கள்.

வரும்போது ஒரு கொப்பு ஒடித்துக்கொண்டு வந்தேன். கேட்கவில்லை. உங்கள் செடிக்கு யாரிடம் கேட்பது? தகரப் பேணியில் நிற்கிறது.

இனி நடக்க வேண்டியது இது. வருகிற வெள்ளிக்கிழமை வாச்சர் பள்ளிவாசல் முன்னால் வந்து, ஜும்மா முடிந்து வருகிறவர்கள் கேட்க, நானா வீட்டில் ஒரு கொட்டையும் இருக்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஊர்த் தலைவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தகவல் கொடுத்தவர், உயிரோடிருந்தால், முன்னுக்கு வர வேண்டும். உங்கள் மகன் அந்தத் துண்டு நிலத்தில் சீமெந்து போடும் எண்ணத்தை விட வேண்டும். தட்டுப்பாட்டில் கடைகளில் சொக்லட்டே இல்லாத இந்தக் காலத்தில் தோல் எங்கே கிடைக்கும் என்று நான் தேட வேண்டும். கொப்பு வேர் பிடித்ததும் குழி வெட்டுவதும் நான்தான். கம்போடு கட்டுவதை மட்டும் உங்கள் மனைவி செய்ய வேண்டும். அந்த முடிச்சு எனக்கு வராது.