சமாதானச் சடுகுடு

நகரி
20-1-1957

சிரஞ்சீவி முனிகிருஷ்ணனுக்கு நைனாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், சினையாக இருந்த பசு கன்று போட்டுவிட்டது, நீ பம்பாயில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அது போதும். ஊருக்குத்தான் சுகமில்லை. நகரி மதராஸுக்கா ஆந்திராவுக்கா என்று பெரியவர்கள் எங்கேயோ உட்கார்ந்து யோசிக்கிறார்கள், அதற்குள் இங்கே பஸ் நிற்கும் இடத்துப் பலகையில் ஒருவன் தெலுங்கை அழிக்கிறான், மறுநாள் இன்னொருவன் தமிழை அழிக்கிறான், தார் விற்றவன்தான் பிழைத்தான். கல்லெறிந்து நாலு மண்டை உடைந்த பிறகு அரிசி மண்டி பச்சையப்பனுக்கு ஞானம் பிறந்து சமாதானக் கமிட்டி வைத்தான். பொங்கலுக்கு இரண்டு பக்கமும் சடுகுடு ஆடினால் பகை தீர்ந்துவிடுமாம். சித்தூரிலிருந்து ஒரு ஆபீசர் வேறு வந்து தலையாட்டினார்.

இவர்கள் மூளையைப் பார். இத்தனை வருஷம் மேலத்தெரு கீழத்தெரு என்று ஆடின பையன்களை வரிசையாக நிறுத்தி, உன் வீட்டில் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு தமிழ்க் கட்சி, தெலுங்குக் கட்சி என்று பிரித்தார்கள். உன்னோடு கீழத்தெருவுக்கு ஆடிய பக்கத்து வீட்டு நாகேந்திரன், பாதி நாள் நம் வீட்டுக் கூழைக் குடித்து வளர்ந்தவன், என்னையும் நைனா என்றே கூப்பிடுகிறவன், எதிர்க்கட்சி ஆனான். அம்பயராக என்னைப் போட்டார்கள். மூச்சு அறுந்தால் செங்கல்வராயன் காதுக்குத் தப்பாது என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது, எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. ஆட்டம் சரிசமமாக நின்றபோது கடைசியாகப் பாடி வந்தவன் நாகேந்திரன். மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கியும் பாட்டை விடாமல் ஊர்ந்து வந்து கோட்டில் கை வைத்தான். நான் குனிந்து கேட்டேன், மூச்சு அறவில்லை. முதுகுக்குப் பின்னால் நம் சமாதானக் கமிட்டித் தலைவன் பச்சையப்பன், மூச்ச உட்டுட்டான், நீ தமிழன்தானே, சொல்லுய்யா என்று கத்தினான். நான் கையைத் தூக்கி, விட்டான், அவுட் என்றேன்.

தெலுங்குப் பையன்கள் கழியோடு பாய்ந்து வந்தார்கள். நாகேந்திரன்தான் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து குறுக்கே நின்றான். நைனா பொய் சொல்ல மாட்டாரு, நான்தான் உட்டிருப்பேன், கம்முனு போய்க்கினே இருங்கடா என்றான். அடிதடி நடக்கவில்லை. விளையாட்டால் சமாதானம் வந்தது என்று ஆபீசர் எழுதிக்கொண்டு போனார், எனக்கு மாலை வேறு போட்டார்கள். அத்தனை பேர் முகத்திலும் காறித் துப்பலாம், முதலில் துப்ப வேண்டியது என் முகத்தில்.

நீ தீர்க்காயுசாக இரு. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, மில்லில் எவனாவது நீ எந்தப் பக்கம் என்று கேட்டால் வாயைத் திறக்காதே. வழக்கம்போல நாகேந்திரன்தான் இந்தக் கடிதத்தையும் தபாலில் சேர்க்கப் போகிறான். எப்போதும் உறையை ஒட்டாமல் கொடுப்பேன், அவனும் அடியில் உனக்கு இரண்டு வரி எழுதிப் போடுவான். இந்தத் தடவை அவன் கையெழுத்தைத் தேடாதே. நான் ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

இப்படிக்கு
உன் நைனா
செங்கல்வராயன்