செருப்புக்கடை மாடியில் ஆறு கட்டில்கள்

அன்புள்ள டில்லனுக்கு அம்மா எழுதுவது, இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம், நீயும் பதினான்கு மாதமாக மாத்திரையைத் தொடாமல் இருக்கிற அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

ஊர் ஊராக ஆட்களை மாத்திரைக்கு அடிமையாக்கிய வலி மாத்திரைக் கம்பெனிகள் வழக்கில் கட்டிய இழப்பீட்டில் நம் ஊர்ப் பங்கு வந்துவிட்டது, அதை என்ன செய்யலாம் என்று செவ்வாய்க்கிழமை சர்ச் சாப்பாட்டு அறையில் கூட்டம் போட்டார்கள். வாசலில் ஒரு தாள் இருந்தது, சர்ச்சில் தாள் வைத்தால் யார் என்ன சமைத்து வருவது என்று எழுதத்தானே, நானும் பெயரைப் போட்டு 'பீன்ஸ், சோள ரொட்டி, நாற்பது பேருக்கு' என்று எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது பேச விரும்புகிறவர்களின் பட்டியலாம். ஷெரீப் எழுந்து புது வண்டி வேண்டும் என்றார், மேயர் பெர்டி ஊர் முகப்பில் நீரூற்று வேண்டும் என்றார், உன் அப்பா என் காதில், "வருஷா வருஷம் வெள்ளத்துல முங்குறோம், இந்த மனுஷனுக்குத் தண்ணி பத்தலையாம்" என்றார். அடுத்து குமாஸ்தா, "வெர்னா காம்ப்ஸ், மூணு நிமிஷம், பேசப் போறது பீன்ஸ், சோள ரொட்டி பத்தி" என்று வாசித்தாள், அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் போன மாதம் நீ போனில், "அங்க வந்தா எங்கேம்மா தங்குறது, பழைய கூட்டம் நம்ம வீட்டு வாசல்லயே வந்து நிக்குமே" என்று கேட்டாயே, எழுந்துவிட்டேன். "என் பையன் அரிசோனாவுல சுரங்க வேலை பாக்குறான்னு உங்ககிட்ட சொன்னது பொய், அவன் மாத்திரையில விழுந்து எந்திரிச்சவன், எந்திரிச்சவனுக்கு இந்த ஊர்ல படுக்க ஒரு கட்டிலும் இல்ல, செய்ய ஒரு வேலையும் இல்ல, பூட்டிக் கிடக்குற செருப்புக்கடைய வாங்குங்க, மாடியில ஆறு கட்டில், கீழ டயர் பட்டறை, புது வண்டி வாங்கி யாரைப் பிடிக்கப் போறீங்க, எங்க புள்ளைங்களத்தானே" என்றேன். மூன்று நிமிட மணி அடித்தது, நான் நிறுத்தவில்லை. ஷெரீப் தொப்பியைக் கழற்றி, "என் தங்கச்சி மகளும் அப்படித்தான் கிடக்குறா, எனக்கு வண்டி வேண்டாம்" என்றார். ஊர்க் கவுன்சில் ஓட்டுப் போட்டதில் மூன்றுக்கு இரண்டு என்று கட்டில்கள் ஜெயித்தன. பெர்டி இன்னும் என்னோடு பேசுவதில்லை, அதுவும் நல்லதுதான்.

மறுநாள் உன் பெயரைக் கொடுக்கப் போனேன். ஆறு கட்டிலுக்கு எனக்கு முன்னால் ஒன்பது தாய்மார்கள் நிற்கிறார்கள், எல்லோரும் எனக்குத் தெரிந்த முகங்கள், ஒருத்திகூட இதுவரை வாய் திறந்ததில்லை. நான் அழுதேன்.

பல் வைத்தியரிடம் போனால் உன் கதையை முதலிலேயே சொல்லிவிடு, வலிக்கு எதையாவது எழுதிக் கொடுத்துவிடப் போகிறார். கர்த்தர் உன்னைக் காக்கட்டும். உன் முறை பத்தாவது, டில்லன். அது வரும்வரை உயிரோடு இருந்தால் போதும்.

உன் அம்மா,
வெர்னா