துண்டுக்கு ரத்த அழுத்தம் 116

மார்ச் 4
எங்கள் கிளினிக்குக்குப் புது மெஷின் வந்து மூன்று நாள். கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து அதுவே சொல்லிவிடும். 0.9-க்குக் கீழே போனால் கால் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். டாப்ளர் கருவியை வைத்து நாடிச் சத்தம் தேடி நான் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வேன். இதற்கு மூன்று. டாக்டர் அதைத் தட்டிக்கொடுக்கிறார். மெஷினைப் பார்த்துப் பொறாமைப்படும் முதல் பட்டதாரி எங்கள் வீட்டில் நான்தான். முதல் பட்டதாரியும் நான்தான்.

மார்ச் 6
மெஷின் ‘எரர்’ காட்டினால் சிஸ்டர் அக்கா மறுபடி அமுக்குகிறார். மறுபடி எரர். மறுபடி. நம்பர் வந்ததும் எழுதிக்கொள்கிறார்.
“என்னக்கா, மூணு தடவை எரர்னுச்சே?”
“புது மருமக மாதிரிடி. கொஞ்சம் மிரளும், அப்புறம் வழிக்கு வரும்.”
எரர் எழுத ஃபாரத்தில் கட்டமே இல்லை.

மார்ச் 9
அப்பாவை இழுத்து வந்தேன். நாலு மாதமாகத் தெருவில் நின்று நின்று கடைகளைப் பார்க்கிறார். நேற்று குழந்தைகள் உடுப்புக் கடை முன்னால் ஐந்து நிமிடம். எங்கள் வீட்டில் குழந்தையே கிடையாது. கெண்டைக்கால் பிடிக்கிறது என்று ஒப்புக்கொண்டால் குறைந்தா போய்விடுவார்?
வலது கால்: எரர், எரர், எரர், 132. கை 138. அதாவது 0.96.
“பாத்தீங்களா டாக்டர்? மெஷினே சொல்லிருச்சு. படிச்ச படிப்புக்கு எனக்கு வியாதி தேடுறா!”
டாக்டரும் சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 10
மனசு கேக்கல. மதியம் அப்பா காலில் டாப்ளர் வைத்தேன். 84. இரண்டு தடவை. கை அதே 138. 0.61! நாடி ரொம்ப மெலிசா இருந்தா மெஷினுக்குப் பிடிபடாதோ? அதைத்தான் எரர்னு சொல்லுதா? நாமதான் நம்பர் வர்ற வரைக்கும் அதைப் போட்டு அமுக்குறோமா?

மார்ச் 11
டாக்டரிடம் சொன்னேன். மொத்தம் ஒன்றரை வாக்கியம்.
“கையால பாத்தா தப்பு வரும்மா. அதுக்குத்தானே மெஷின்?”

மார்ச் 12
இன்று ஒரு அயோக்கியத்தனம் செய்தேன். கைப்பட்டை எனக்கு, கால்பட்டை சுருட்டிய துண்டுக்கு. கால் அசைகிற மாதிரி துண்டை லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தேன். எரர், எரர், பிறகு 116! எனக்கு 112. அச்சிட்டு, ‘திரு. துண்டு’ என்று எழுதி, டாக்டரின் கோப்பில் சொருகிவிட்டேன். வேலை போனால் போகட்டும். (போகாமல் இருந்தால் நல்லது.)

மார்ச் 13
“இவருக்குக் கால் நல்லாதானே இருக்கு? அனுப்பிருங்க. ஆமா, அதென்ன பேரு?”
“துண்டு, டாக்டர்.”
“அதான், என்ன பேரு அது?”
“குளிச்சுட்டுத் துவட்டுற துண்டு, டாக்டர்.”
சிஸ்டர் அக்கா கட்டிலுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. டாக்டர் சிரிக்கவில்லை. துண்டைக் கொண்டுவரச் சொல்லி, தானே கட்டி, தானே தட்டினார். 109. மெஷினை அணைத்தார்.
“உங்கப்பாவக் கூட்டிட்டு வாம்மா.”

மார்ச் 20
ஸ்கேனில் தொடை ரத்தக்குழாயில் முக்கால்வாசி அடைப்பு. “இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா…” என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார். நாளை மறுநாள் பலூன் வைத்து விரிக்கிறார்கள். எரர் வந்தால் உடனே டாப்ளர் என்று ஃபாரத்தில் புதுக் கட்டம். அப்பா சாப்பிடவில்லை. நானும்.

ஏப்ரல் 27
காலையில் பூங்கா. அப்பா ஆறு சுற்று. நான் நாலாவதில் பெஞ்சில் சாய்ந்தேன். அவர் என்னைத் தாண்டும்போது நடையைக் குறைக்கக்கூட இல்லை.
“இந்த வயசுல இப்படி மூச்சு வாங்குது! டாக்டர்ட்ட காட்டுடி!”